முதலாளிக்கு எத்தனை யூனிட்

எங்கள் வீட்டுப் பூனைக்கு முதலாளி என்று பெயர் வைத்தது அப்பா. தின்பது, படுப்பது, எதிர்ப்பட்டவரை முறைப்பது தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்தப் பிறவிக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது.

பூனை டாக்டர் இரண்டு வழி சொன்னார். காலையும் மாலையும் ஒரே அளவு இன்சுலின் போட்டுவிட்டு மாதம் ஒருமுறை அவரிடம் காட்டுவது ஒன்று. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் காது ஓரத்தில் குத்தி, வீட்டிலேயே மீட்டரில் பார்த்து, அவரைக் கேட்டு அளவை ஏற்றி இறக்குவது இன்னொன்று. நான் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவள். ஒரு சொட்டு கூடினால் சுவரே வேறு நிறமாகிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள். சட்டென்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

மீட்டர் நானூற்றுக்குக் கீழே இறங்குவேனா என்றது. டாக்டர் அரை அரையாக ஏற்றச் சொன்னார். இரண்டு மாதத்தில் ஒரு யூனிட் மூன்றானது. முதலாளி என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்பா கூப்பிட்டால் மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு வரும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அப்பா நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் காலை மீட்டர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவழியாக அளவு பிடிபட்டுவிட்டது என்று அதே மூன்றைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மதியம் சாப்பிட வந்தால், முதலாளி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கால் பின்னிக் கிடந்தது. என்னைக் கண்டு ஓடவில்லை. மீட்டரில் முப்பத்தெட்டு. ஈறில் தேனைத் தடவி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் டிரிப் ஏற்றிக்கொண்டே கேட்டார். "நீங்க வைக்கிற சாப்பாடு தவிர வேற யாராச்சும் ஏதாச்சும் குடுக்கறாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, முதலாளிக்கு நீங்க ஏதாச்சும் குடுப்பீங்களா?"

"எப்பவாச்சும்... பால்ல நனைச்சு ஒரு பிஸ்கட்."

"எப்பவாச்சும்னா?"

"தினமும் நாலஞ்சு இருக்கும்மா. காலைச் சுத்திச் சுத்தி வருது. ரெண்டு வேளையும் குத்து வாங்குற ஜீவன். நான் என்ன பண்றது?"

அப்படியானால் இரண்டு மாதமாக நான் மருந்து போட்டது பூனைக்கில்லை, அப்பாவின் பிஸ்கட்டுக்கு. பிஸ்கட் நின்றது, மருந்து நிற்கவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. அந்தப் பக்கம் அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வைத்துவிட்டேன்.

முதலாளி பிழைத்தது. மறுபடி ஒரு யூனிட்டிலிருந்து தொடங்கினோம். அப்பா வந்து அதைத் தடவிக்கொடுத்தபடி, "இனிமே கைல எதுவும் எடுக்க மாட்டேம்மா" என்றார். பிஸ்கட் வாங்குவதையே நிறுத்தினேன். பகல் முழுக்க நான் கடையில் இருக்கிறேன், தெருமுனைக் கடை அப்பாவுக்கு நாலு எட்டு. எழுபத்திரண்டு வயது மனிதரை வீட்டில் வைத்துப் பூட்டவா முடியும்?

பத்து நாள் கழித்து மீட்டர் மறுபடி நானூற்றுப் பத்து. வீட்டில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பது உறுதியானால் அரை யூனிட் ஏற்றலாம் என்றார் டாக்டர்.

"அப்பா, இன்னைக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கலம்மா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பூனையைப் பார்த்துச் சொன்னார். முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது அதற்கு. இந்த ஒரு யூனிட் போதாது என்பது எனக்கும் தெரியும். ஊசியை ஒன்றிலேயே நிறுத்தினேன். அப்பா என்றைக்காவது நிஜமாகவே எதுவும் கொடுக்காமல் இருந்துவிட்டால், அன்றைக்கு அது சாகக் கூடாது.