கல்லறைத் தோட்டத்து நிதி

எங்கள் ஊர் லூத்தரன் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்துக்கு ஆறு லட்சம் டாலர் நிதி இருந்தது. புல் வெட்டுவது, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது, பனிக்காலத்தில் பாதை திறப்பது எல்லாம் அதன் வருமானத்தில்தான். பத்தொன்பது வருடம் அதைப் பார்த்துக்கொண்டவர் வெர்னா, பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பாதிப் பணத்தைப் பல கம்பெனிப் பங்குகளில் பரப்பியிருந்தார், வெளிநாட்டுப் பங்குகளும் சேர்த்து. மீதி அரசுக் கடன் பத்திரங்களிலும் வங்கியிலும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறியதில் கொஞ்சம் விற்று ஏறாததில் போடுவார். சந்தை வருடாவருடம் ஏறியது. அவரும் வருடாவருடம் விற்றார்.

அப்போதுதான் டிராக்டர் விற்கும் கர்ட், நிதியை மேற்பார்க்கும் எங்கள் ஐந்து பேர் குழுவுக்கு வந்தான். பங்குகளில் சம்பாதித்து ஏரிக்கரையில் வீடு வாங்கியவன்.

“பக்கத்து ஊர் சர்ச் பணம் ரெண்டு மடங்காயிடுச்சு. நம்ம பணம் நத்தையா ஊருது” என்றான்.

“விலை ரொம்ப ஏறிக் கெடக்கு கர்ட். விழுந்தா தாங்கணும்ல?” என்றார் வெர்னா.

“இதையே அஞ்சு வருஷமா சொல்றீங்க.”

“எப்ப விழும்னு எனக்குத் தெரியாதுப்பா. அதனாலதான் பாதி மட்டும் பங்குல.”

“செத்தவங்க பணம்னு அதையும் பொதைச்சு வச்சுட்டீங்களே டீச்சர்!”

எல்லோரும் சிரித்தோம். வெர்னாவின் கணவர் அந்தத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருந்தார்.

இனி நிதியைக் கர்ட் பார்க்கட்டுமா என்று ஓட்டெடுத்தபோது நான்கு கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. வெர்னா கணக்குப் பெட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் குழுவிலிருந்தே விலகினார்.

கர்ட் பத்திரங்களை விற்று மொத்தத்தையும் நாலு கம்பெனிகளில் போட்டான். பதினாலு மாதத்தில் நிதி எட்டு லட்சமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வெர்னாவைப் பார்த்தால் வானிலை பேசினார்கள்.

பிறகு சந்தை சரிந்தது. ஐந்து மாதத்தில் நாலு லட்சம்கூட மிஞ்சவில்லை. கர்ட் அவசரக் கூட்டம் போட்டான். எல்லாவற்றையும் விற்று வங்கியில் போட்டுவிடலாம் என்றான். யாரும் கூப்பிடாமலே வெர்னா வந்து நின்றார்.

“இப்ப விக்காதீங்க. ரெண்டு வருஷச் செலவுக்கு மட்டும் எடுங்க. மீதிய நாலு கம்பெனியில வைக்காம எல்லாத்துலயும் பரப்புங்க. ஆனா வெளிய வந்துடாதீங்க.”

“அன்னிக்கு விக்கணும்னீங்க, இன்னிக்கு விக்காதேங்கிறீங்க. குத்திக்காட்டத்தானே வந்தீங்க?”

“குத்திக்காட்டணும்னா வீட்லயே உக்காந்திருப்பேன்.”

இருந்த நாலு பேரும் விற்கச் சொல்லிக் கை தூக்கினோம்.

இரண்டே வருடத்தில் சந்தை பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் பணம் வங்கியில் இருந்த இடத்தில் இருந்தது. குழிக்கான கட்டணத்தை இரட்டிப்பாக்கினோம். புல் முழங்கால் வரை வளர்ந்தது. காப்பிக்கடையில் கர்ட், “பங்குன்னாலே சூதாட்டம்தான். பத்தொன்பது வருஷம் பாத்தவங்க, கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நாம கேட்டிருக்க மாட்டோமா?” என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

திரும்ப வரச்சொல்லி வெர்னாவிடம் என்னை அனுப்பினார்கள். அவர் வலைக்கதவுக்கு உள்ளேயே நின்றார்.

“எவ்வளவு இருக்கு ஓரின்?”

“மூணு லட்சத்து எழுபதாயிரம்.”

“நான் அழுத்திச் சொல்லலைன்னு கர்ட் சொன்னானாமே. நீங்களும் அங்க இருந்தீங்களா?” என்றார்.

“இருந்தேன்.”

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“சரி, போயிட்டு வாங்க” என்று உள்கதவையும் சாத்தினார்.