லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது

"இனிமே பிரிச்சு விடறதுக்குத் துணி இல்லைங்க" என்றாள் மனைவி. அவருடைய கால்சட்டையை உள்பக்கம் திருப்பி, இடுப்புத் தையலை விளக்கடியில் பிடித்துக் காட்டினாள். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தெருவுக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள் அவள். ஆறு வருடமாக ஒவ்வொரு வருடமும் அந்தத் தையலைப் பிரித்து அரை அங்குலம் தளர்த்தியிருந்தாள். இப்போது ஓரத்தில் நூல் பிசிறுதான் மிச்சம்.

"துணி சுருங்கியிருக்கும்" என்றார் அவர்.

"ஆமா. உங்க துணி மட்டும் சுருங்குது. இத்தனை பேருக்குத் தைக்கிறேன், வேற யாருக்கும் சுருங்கல."

அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. ஆறு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஊரையே மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் பத்துப் படி சேர்ந்தாற்போல் ஏறி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அந்த வாரமே கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. டாக்டர் அவருடைய மகள் வயதிருக்கும் பெண். எடை மிஷினைக் குனிந்து பார்த்து, "நூத்தி ஏழு" என்றார்.

"ஷூவைக் கழட்டிட்டு நிக்கட்டுமா?"

"கழட்டிட்டுத்தான் நிக்கிறீங்க."

ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "நீங்க ஏறுற ஏணி எவ்வளவு எடை தாங்கும்?"

"நூறு கிலோன்னு எழுதியிருக்கும்."

"அப்ப மூணு மாசம் டைம் தரேன். நூறுக்குக் கீழ வரலேன்னா ஏணி வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சர்க்கரையைக் குறைங்க. தினமும் நடங்க, படி ஏறுங்க. ஒரே நாள்ல வீரம் காட்ட வேண்டாம். மூச்சு வாங்கினா உட்காருங்க, நெஞ்சு வலிச்சா உடனே நிறுத்திட்டு இங்க வாங்க."

உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் வாசல் வரை போய்ப் பார்த்தார். உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி. ஒரு ஆளாக இருப்பதே பெரிய பாடாக இருக்கும்போது நாலு பக்கமும் நாலு ஆளாகத் தெரிய வேண்டுமா என்று திரும்பிவிட்டார். படிக்கட்டுதான் சரியென்று பட்டது. அவருடைய முதல் வேலையே தினமும் காலையில் ஒரு பத்து மாடிக் குடியிருப்பில்தான். பழைய லிஃப்ட் அது. மொட்டை மாடி அறையில் இருந்த அதன் மோட்டாரை நாள் தவறாமல் பார்த்தாக வேண்டும்.

முதல் நாள் மூன்றாம் மாடி வரை ஏறினார். மூச்சு இரைத்தது. கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அந்த மாடியில் குடியிருந்த பியானோ டீச்சர் கதவைத் திறந்தாள்.

"லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லம்மா. நல்லா ஓடுது."

"அப்ப நீங்க ஏன் படியில வரீங்க?"

உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. "சும்மாதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் வினையாயிற்று. மறுநாளும் படியில் ஏறினார், அதற்கு மறுநாளும். லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் ஏறப் பயப்படுகிறார் என்ற பேச்சு மாடிக்கு மாடி பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே வாரத்தில் பாதிக் குடித்தனம் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஏறியவர்கள் எல்லாரும் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவரைக் கீழே மடக்கினார். ஒன்பதாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தாளர், குச்சி போல இருப்பார்.

"லிஃப்ட்ல என்ன கோளாறு? மறைக்காம சொல்லுங்க."

"ஒரு கோளாறும் இல்ல சார்."

"பின்னே நீங்க ஏன் ஏற மாட்டேங்குறீங்க?"

"அது என் இஷ்டம் சார்."

மத்தியானத்துக்குள் கம்பெனி மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. போய் நின்றார்.

"உங்களுக்குக் கொழுப்பு அதிகமாயிடுச்சுன்னு செயலாளர் புகார் சொல்றாரு" என்றார் மேலாளர்.

"டாக்டரும் அதையேதான் சார் சொன்னாங்க."

மேலாளர் முதலில் முறைத்தார். பிறகு முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். "படி ஏறுங்க, வேண்டாங்கல. ஆனா காரணத்தை எழுதி ஒட்டிட்டு ஏறுங்க."

எழுதுவதற்குள் வீட்டில் நான்கு தாள் வீணாயிற்று. "தவிர்க்க இயலாத உடல்நலக் காரணங்களால்" என்று அவர் தொடங்கியதை மனைவி பிடுங்கிக் கிழித்தாள். "அப்படி எழுதினா நீங்க சாகக் கிடக்கறீங்கன்னு நினைப்பாங்க" என்று தானே எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை அது லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது:

"லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. மெக்கானிக்தான் குண்டாகிவிட்டார். அதனால் படியேறுகிறார். பயப்பட வேண்டாம்."

அதன்பின் அவர் இரண்டு பங்கு வெட்கப்பட நேரும் என்று நினைத்திருந்தார். நடந்தது வேறு. பியானோ டீச்சர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "இன்னிக்கு எத்தனை மாடி?" என்று முன்பின் பேசாதவர்கள்கூடக் கேட்டார்கள். எட்டாம் மாடி அம்மாள் இத்தனை வருடமாக டீயோடு தட்டு நிறைய பிஸ்கெட் வைப்பவள். இப்போது சர்க்கரை போடாத கறுப்பு டீயை மட்டும் நீட்டினாள். அதுதான் அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஐந்தாவது வாரம் அவரால் தாங்க முடியவில்லை. கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கி, மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் தின்றுவிட்டார். தையல்காரியின் கணவன் சட்டைப்பையில் எதையும் மறைக்க முடியாது. துவைக்கப் போடும்போது மனைவி பையை உதறினாள், தூள் கொட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"எத்தனை தின்னீங்க?"

"எல்லாத்தையும்."

"சரி விடுங்க. ஒரு பாக்கெட்டுக்காகப் படிக்கட்டு கோவிச்சுக்கிட்டுப் போயிடாது. நாளைக்குப் போய் ஏறுங்க."

ஏறினார். இரண்டாவது மாதக் கடைசியில் பத்து மாடியையும் இரண்டே இடத்தில் நின்று ஏறினார். இரவில் குறட்டை குறைந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். ஷூ நாடாவைக் கட்ட நாற்காலி தேடும் பழக்கமும் போயிற்று.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள், பகல் பதினொரு மணிக்கு, அந்தத் தெருவே மின்சாரமில்லாமல் நின்றது. பக்கத்துக் கட்டடத்தில் வேலையாக இருந்த அவருக்குப் போன் வந்தது. லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்கிறது, உள்ளே செயலாளர்.

ஆறாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினார். "சார், நான்தான். கதவை இழுக்காதீங்க. நான் மேல போய் மோட்டாரைக் கையால சுத்தி உங்களை ஏழாவது மாடிக்குக் கொண்டு வரேன்."

உள்ளிருந்து சன்னமான குரல் வந்தது. "மேல எப்படிப் போவீங்க?"

"படியிலதான் சார்."

உள்ளே பைகள் சரசரத்தன. பிறகு, "சீக்கிரம் போங்க" என்றது குரல்.

எங்கும் உட்காராமல் மொட்டை மாடிக்குப் போனார். மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, இரும்புச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினார். வியர்த்தது. லிஃப்ட் மாடி மட்டத்துக்கு வந்ததைக் காட்டும் மஞ்சள் குறி கயிற்றில் தெரிந்ததும் பிரேக்கை இறுக்கிவிட்டு இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

செயலாளர் இரண்டு கையிலும் பைகளோடு, சட்டை நனைந்து நின்றார். மின்சாரம் இன்னும் வரவில்லை. அவர் வீடு இன்னும் இரண்டு மாடி மேலே. பைகளை மெக்கானிக் வாங்கிக்கொண்டார். எட்டாம் மாடிக்குப் பாதி தூரத்திலேயே செயலாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எனக்கு உடம்பே இல்லையே. எனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஒல்லியா இருந்தா போதும்னு யார் சார் சொன்னாங்க? ஓடாத மோட்டாரும்தான் பளபளன்னு இருக்கும். உட்காருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

அடுத்த வாரம் டாக்டர் எடை பார்த்தார். தொண்ணூற்றெட்டு. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. தொப்பை இன்னும் இருந்தது. ஆனால் ஏணிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. "இதோட நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். "நிறுத்த விட மாட்டாங்க டாக்டர்" என்றார் இவர்.

பொய்யில்லை. மறுநாள் காலை படிக்கட்டின் அடியில் செயலாளர் புத்தம் புது கேன்வாஸ் ஷூவோடு காத்திருந்தார். அவரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான்கு மாடிக்கு அனுமதி. இருவரும் ஏறத் தொடங்கினார்கள். மெக்கானிக் தன் மைத்துனன் புது வீட்டுக்குப் போட்ட லிஃப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார்.

"யோவ்" என்றார் செயலாளர், சுவரைப் பிடித்துக்கொண்டு. "ஏறும்போது உம்மால எப்படிய்யா பேச முடியுது?"

கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது, முதல் படியிலிருந்து தான் பேச்சை நிறுத்தவேயில்லை என்று. மகிழ்ச்சியில் அந்த மைத்துனன் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.