டிஷ்ஷுக்கு வைத்த சந்தனம்

கலைவாணிக்குத் திங்கட்கிழமை வேலை நிரந்தரமாவதாக இருந்தது. ஆறு வருடம் ஒப்பந்தத்திலேயே ஓட்டியவள். செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தரை நிலையம். அங்கே அவள் ஆபரேட்டர். நான் மேலாளர், பாண்டுரங்கன். என்னை நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

விண்வெளி நிலையம் எங்கள் வானத்தைக் கடக்கும் எட்டு நிமிடத்துக்கு பாஸ் என்று பெயர். பெரிய டிஷ் அதைத் துரத்திக்கொண்டே திரும்பும். மேலே ஒரு பெட்டிக்குள் ஆராய்ச்சிக்காக எலும்புச் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் சத்துநீர் விடும் கட்டளை இங்கிருந்துதான் போகவேண்டும். அன்றைய பாஸ் பதினொன்று ஐம்பத்து நான்குக்கு. அதை விட்டால் மறுநாள்தான். செல்கள் அதுவரை தாங்காது.

அன்று ஆயுத பூஜை. கதவு, கம்ப்யூட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. டிஷ் மட்டும் பாக்கி. அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பின் மூடிதான் எனக்கு முகமாகத் தெரிந்தது. சிக்னல் போவதும் வருவதும் அந்த மூடி வழியாகத்தான்.

“சார், அங்க வெக்காதீங்க. ஈர சந்தனம் சிக்னல குடிச்சிடும். பாஸ் முடியட்டும், நானே ஏறி வெக்கிறேன்” என்றாள் கலைவாணி.

“பன்னண்டுக்கு ராகு காலம். கம்முனு இரு. நான் எத்தினி ஆயுத பூஜை பாத்தவன் தெரியுமா?”

என்னிடம் வேலை கற்றவள் எனக்கே பாடம் எடுத்தால் எரிச்சல் வராதா? ஏணியில் ஏறி, உள்ளங்கை நிறைய சந்தனத்தை நானே அப்பினேன். இறங்கிப் பார்த்தால் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. “சந்தனக் கிண்ணத்த புடிச்சிக்கினு ஏணில நில்லும்மா, ஒரு போட்டோ எடுக்கறேன்” என்றேன். சிரித்துவிட்டாள், பாவம்.

டிஷ் திரும்பியது. கட்டளைக்குப் பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் இல்லை. மூன்றாவது நிமிடம் துணியை எடுத்துக்கொண்டு ஏணிக்கு ஓடினாள். டிஷ் அண்ணாந்து நின்றது, எட்டவில்லை. மறுநாள் பெட்டியிலிருந்து வந்த படத்தில் செல்கள் மொத்தமும் செத்துக்கிடந்தன.

கட்டளை ஏன் போகவில்லை என்று தலைமை அலுவலகம் என்னைக் கேட்டது; மூடியில் சந்தனம் என்று எழுதினேன். பூசியது யார் என்று கேட்டார்கள். நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. ‘அன்று எடுத்த படம் இத்துடன்’ என்று எழுதி, அவள் கிண்ணத்தோடு ஏணியில் சிரிக்கும் போட்டோவை அனுப்பினேன். அவளை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரியை எவன் கேட்பான்? வெட்கமாக இருந்தது. அரைமணி நேரம் இருந்தது.

சனிக்கிழமை என் அறைக்கு வந்தாள்.

“யாராச்சும் கேட்டா மழத்தண்ணி எறங்கிடுச்சின்னு சொல்லிக்கலாம் சார். உங்கள காட்டிக்குடுக்க மாட்டேன். டென்ஷன் ஆவாதீங்க.”

நான் தலையாட்டினேன்.

“அந்த போட்டோவ அனுப்புங்க சார். பர்மனன்ட் ஆனதும் நைனாவுக்குக் காட்டணும். டிஷ்ஷு கிட்ட நான் நிக்கிற போட்டோ வேற ஒண்ணுகூட இல்ல.”

அனுப்பினேன். பதிலுக்கு இதயம் போட்டாள்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கம் வேலைநீக்கம். இரண்டாம் பக்கம், ஆதாரம் என்ற தலைப்பின் கீழ் அதே போட்டோ.

கலைவாணி இரண்டையும் நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தை என் மேசைமேல், என்னைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

“நல்லா எடுத்திருக்கீங்க சார்” என்றாள்.