கோணவாயனுக்கு ஒரு நல்ல பெயர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை தங்கை என்னிடம் கேட்டது கதையல்ல, ஒரு மன்னிப்புக் கடிதம். வீட்டில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பள்ளியில் சொல்லித்தந்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று இன்றும் வரிசை தவறாமல் எழுதுகிறவன் நான். இன்று 'பொருள்' வரை வந்து நின்றுவிட்டேன். அங்கே ஒரு பெயர் வேண்டும். எந்தப் பெயர் என்பதுதான் தகராறு.

2

விவரம் இது. பிறர் எழுதிய கணினி நிரல்களை வாங்கி, சோதித்து, எவரும் ஒரே சொடுக்கில் நிறுவிக்கொள்ளும்படி பொதி கட்டி வைக்கும் பராமரிப்பாளர் தங்கை. சம்பளம் கிடையாது. அவள் பட்டியலில் ஒரு நிரல்: கோணலாக ஸ்கேன் ஆன பக்கங்களை நிமிர்த்திக் கொடுக்கும். எழுதியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எட்டு வருட உழைப்பு. அதற்கு அவர் வைத்த பெயர், கோணவாயன்.

தங்கைக்கு அது பொறுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் 'நேர்த்தி' என்று மாற்றினாள். (யாரும் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே அனுமதி எழுதி வைத்திருந்தார். ஆகவே சட்டப்படி தவறில்லை. சட்டப்படி தவறில்லாதவற்றுக்குத்தான் கடிதம் எழுதுவது கஷ்டம்.)

பெயரோடு, உதவி கேட்கும் முகவரியும் தங்கையுடையதாக மாறியது. இன்று பன்னிரண்டாயிரம் பேரிடம் நேர்த்தி இருக்கிறது. கேள்வி, புகார், நன்றி எல்லாம் அவளுக்கே வருகின்றன. கோணவாயனை யாரும் கேட்பதில்லை. நேற்று மெக்கானிக் தன் இணையப் பக்கத்தில் அறிவித்துவிட்டார்: "ஆறு மாசமா ஒரு கேள்விகூட வரல. யாருக்கும் தேவைப்படல போல. நாளை மாலை ஐந்து மணியோடு எல்லாத்தையும் அழிச்சிடுறேன்."

நாளை என்றால் இன்று.

3

கடிதம் வராததால், கதை எழுதுகிற கைப்பழக்கத்தில் அதையே கதையாகத் தொடங்கினேன்.

[அந்த முதிய வயலின் கலைஞரின் விரல்கள் நடுங்கின. இனி யாரும் தன் இசையை]

தோளுக்குப் பின்னாலிருந்து தங்கை படித்துவிட்டாள்.

"யாருண்ணா இது வயலின்?"

"மெக்கானிக்தான். கதைக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமேன்னு..."

"அவருக்கு நாற்பத்தஞ்சு வயசு. லிஃப்ட் ரிப்பேர் பண்றாரு. அதுல என்ன அசிங்கம்?"

"கோணவாயன்ல என்ன அசிங்கம்?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

4

[அழகு என்பது பார்ப்பவரின் உரிமையா, படைத்தவரின்]

இந்த வாக்கியத்தை முடிக்கும் தகுதி எனக்கில்லை. தங்கையின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்.

"பழைய பேருல முந்நூறு பேருகூட எடுக்கல. ஆபீஸ்ல ஒருத்தி பக்கத்துச் சீட்டுக்காரிகிட்ட, 'கோணவாயனைப் போட்டுக்கோ'ன்னு சொல்லுவாளா? நான் மாத்தினதாலதான் அவரு வேலை வெளியில தெரிஞ்சுது."

"அவருக்குத் தெரியலையே."

"அதான்..." என்றாள். "சொல்லிக்கலாம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். நன்றின்னு வர்ற மெயிலெல்லாம் நல்லா இருந்துச்சுண்ணா. எனக்கே வந்த மாதிரி."

நான் சொல்லிக்கொடுத்து அவள் சொன்னதல்ல இது. என் கதாபாத்திரமாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ள விட்டிருக்க மாட்டேன்.

5

மணி இரண்டு. என் கடிதம் ஒன்றரைப் பக்கம் வளர்ந்திருந்தது. 'தங்கள் மேலான படைப்பு', 'எதிர்பாராத சூழ்நிலை' எல்லாம் இருந்தன. தங்கை மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, மொத்தத்தையும் அழித்துவிட்டு அடித்தாள்:

"உங்க கோணவாயனை 12,000 பேர் பயன்படுத்துறாங்க. பேரை மாத்தினது நான். உங்களைக் கேட்கல. அவங்க எழுதின 412 கடிதத்தையும் இதோட அனுப்புறேன். அழிக்காதீங்க. எந்தப் பேர் இருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"கொஞ்சம் நயமா..." என்று தொடங்கினேன். அனுப்பிவிட்டாள். நம்பர் தேடி ஃபோனும் அடித்தாள். எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தால் சிக்னல் இருக்காது.

6

மணி நாலே முக்கால். பதில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) அவர் கடிதங்களைப் படிக்கிறார், சிரிக்கிறார், நேர்த்தியே இருக்கட்டும் என்கிறார். [ரொம்ப வசதியாக இருக்கிறது, எங்களுக்கு.]

(ஆ) பழைய பெயரைத் திருப்பிக் கேட்கிறார். நாளைக் காலை பன்னிரண்டாயிரம் பேர் நேர்த்தியைத் தேடி

(இ) பார்க்காமலே ஐந்து மணிக்கு

இல்லை. ஒருமுறை அந்த மனிதரைக் கேட்காமல் அவர் பொருளில் கை வைத்தாயிற்று. இந்த மூன்றில் எதை நான் தேர்ந்தாலும் அது இரண்டாம் முறை. நீங்கள் அவராக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சொல்ல வேண்டாம்; திருத்திவிடுவேன்.

தங்கை அவர் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்க்கிறாள். இன்னும் இருக்கிறது.

"என்ன முடிவு எழுதியிருக்க?"

"எழுதல."

"நல்லது. கையை எடு."