டன்மோரின் பக்கம்

அப்பாவின் அக்குளுக்கு அடியில் கைகளைக் கொடுத்து மிலன் தூக்கினான்; அக்கா டோரீன் தலையணைகளை முதுகுக்குப் பின்னால் செருகினாள்.

"இன்னும் மேல," என்றார் எமில். "கூரையப் பாக்கவா படுத்திருக்கேன். டிவி தெரியணும்."

மிலன் மறுபடி தூக்கினான். அப்பா அவ்வளவு லேசாக வருவார் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வேண்டியதற்கு மேலேயே தூக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாதவன் போல ஒரு கணம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல இறக்கினான். டோரீன் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

கட்டிலைப் போடுவதற்காக முன்னறையிலிருந்த சோபாவை வெளியேற்றியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரியிலிருந்து வந்த காற்று பனியைக் குறுக்குவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. தெருவில் ஒரு கார் நகரவில்லை. இன்னும் சற்று நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடும்.

"உன் மாப்பிள்ளை இன்னைக்காவது கண்ணத் தொறந்து எறிவானா?" என்றான் மிலன், மூச்சு வாங்கியபடி.

எமிலின் உலர்ந்த உதடுகள் ஒரு பக்கமாக இழுபட்டன. "நீ உன் வாய மூடிட்டுப் பாரு. அவன் எறியறது தெரியும்."

மாப்பிள்ளை என்று அவன் கேலியாகச் சொன்னது வெஸ்லி டன்மோரை. நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்தாக வேண்டும். அதனால் ஜெயித்தால் அவன் தலையில் பூ, தோற்றால் அதே தலையில் செருப்பு. டன்மோர் வந்து நான்கு வருடமாகச் செருப்புதான். ஓஹையோவின் அந்த ஏரிக்கரை ஊரில் அவனுக்காகப் பேச மிச்சமிருந்த ஒரு சிலரில் எமில் ஹூடாக் ஒருவர். குழாய் ஆலையில் முப்பது வருடம் நின்ற மனிதர். 'முன்னால நிக்கிறவனுங்க தடுக்கலைன்னா பின்னால நிக்கிறவன் என்னடா செய்வான்' என்பது அவர் கட்சி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கனவு காண்கிறான், பயந்தாங்கொள்ளி, நெருக்கடி வந்தால் எதிரிக்கே எறிந்துவிடுவான் என்பது மகன் கட்சி.

அம்மாவின் கடைசி வாரத்தில், அவளை ஆஸ்பத்திரியிலேயே விடுவதா வீட்டுக்குக் கொண்டுவருவதா என்பதில் அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அதன்பின் ஒரு வருடம் பேச்சே இல்லை. பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்தவன் டன்மோர்தான். ஒரு திங்கட்கிழமை மாலை மிலன் போன் செய்தான். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்கவில்லை. "உன் மாப்பிள்ளை நேத்து பண்ணுன கூத்தப் பாத்தியா," என்றான். அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் சமையலறையில் எமில் போனில் கத்துவது மாடிவரை கேட்கும். முட்டாள், குருடன், உன்னைப் பெத்ததுக்கு என்றெல்லாம் திட்டிவிட்டுப் போனை வைப்பார். வைக்கும்போது அவர் முகம் வயிறாரச் சாப்பிட்டவர் முகமாக இருக்கும். டோரீன் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு அவள் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"காலையில நர்ஸ் வந்துச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிடுச்சு."

மிலன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஜனவரி வரைக்கும்னு டாக்டர் சொன்னாரே."

"சொன்னாரு. அப்பாவும் அதத்தான் நம்பிட்டிருக்காரு. சீசன் முடியறதப் பாத்துட்டுத்தான் போவேன்னு லூயி சித்தப்பாகிட்டகூட நேத்து சொன்னாரு. நான் எதுவும் சொல்லல."

"சரி."

"இன்னைக்கு மட்டும் அவர்கிட்ட சண்டை போடாத, மிலன்."

"சண்டையா? அது நாங்க பேசிக்கிறது."

"ஒரே ஒரு தடவை ஆமான்னு சொல்லிடு. நீ சொன்னதுதான்பா சரின்னு. மனசு நிறைஞ்சு போகட்டும்."

"டன்மோர் நல்லவன்னு நான் சொல்லணுமா?"

"சொன்னா உன் சொத்தா போயிடப் போகுது."

அவன் சரியென்பதுபோல் தலையை அசைத்தான்.

லூயி சித்தப்பா ஒரு தட்டு நிறைய பியரோகிக் கொழுக்கட்டையோடும் பீரோடும் வந்து சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். எமிலின் தம்பி. ஒரு காது கேட்காது. மற்றது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும். ஆட்டம் தொடங்கி முதல் சில நிமிடங்களிலேயே டன்மோர் இருமுறை தரையில் சாய்க்கப்பட்டான்.

"அவனுக்குப் பதிலா எங்க தபால்காரன நிறுத்தலாம்," என்றார் லூயி. "அவனாவது சரியான வீட்டுக்குப் போடுவான்."

"உனக்கு ஒரு கண்ணுல புரை," என்றார் எமில், கண்களைத் திறக்காமலே. "இன்னொண்ணுல பீர்."

லூயி குலுங்கிச் சிரித்தார். டோரீனும் சிரித்தாள். மிலன் கட்டிலை ஒட்டி ஒரு மரநாற்காலியில் முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவது பகுதியில் அது நடந்தது. டன்மோர் பின்வாங்கினான், இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், எறிந்தான். பந்து நேராக எதிரணிக்காரன் ஒருவனின் நெஞ்சில் போய் விழுந்தது. அவன் அதை அணைத்துக்கொண்டு ஓடினான். தடுக்க யாருமில்லை.

எமில் கண்களைத் திறந்தார். தலையைத் திருப்புவதற்கே அவருக்கு நேரம் பிடித்தது. திருப்பி மகனைப் பார்த்தார். காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் அந்தக் கண்களில் இருந்தது.

"ம், சொல்லு," என்றார்.

மிலன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"அவன் தப்பில்லப்பா," என்றான் மிலன். "முன்னால நின்னவனுங்க விட்டுட்டானுங்க. அவன் பாவம் என்ன செய்வான்."

எமில் காத்திருந்தார். கேலியின் மறுபாதி வரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்னடா?"

"நீ சொன்னதுதான் சரிப்பா. நாலு வருஷமா நீ சொல்லிட்டிருக்க. நல்ல ஆட்டக்காரன்தான். எனக்குத்தான் புரியல."

டிவியில் விளம்பரம் ஓடியது. எமில் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பார்வை நகர்ந்து டோரீனிடம் வந்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. மருந்துக் குப்பியை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"காலையில அந்த நர்ஸ் பொண்ணு," என்றார். "சமையல்கட்டுல நின்னு உங்கிட்ட என்னமோ பேசிட்டிருந்துச்சே."

"மருந்தப் பத்திப்பா. அளவு மாத்தியிருக்காங்க."

"ஓ."

அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தை மடித்தன, பிரித்தன.

"ஜனவரின்னு சொன்னாங்க," என்றார்.

அதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. குரலில் புகார்கூட இல்லை. வேலைக்குப் போன இடத்தில் ஆலை மூடியிருக்கிறது என்று தெரிந்தவன் வாசலில் நின்று சொல்வதுபோல் சொன்னார்.

மிலன் நாற்காலியிலிருந்து சரிந்து கட்டிலோரம் மண்டியிட்டான்.

"அப்பா, நான் சும்மா சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னேன். அவன் தண்டம்பா. கண்ணெதிர்ல ரெண்டு பேரு நிக்கிறான், குருடன் மாதிரி எறியறான். அந்தப் பந்த எவனாவது எறிவானா? நீயே சொல்லு. எறிவானா?"

"விடுடா," என்றார் எமில்.

"போன வாரம் என்ன பண்ணான்? ஜெயிச்ச ஆட்டத்தக் கையில குடுத்தான். அவன நீதான் தலையில வச்சு ஆடுற. உனக்கு ஆட்டம்னா என்னன்னே தெரியாது. திட்டுப்பா. என்னத் திட்டு."

எமில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு அவருக்கு உதவி தேவைப்படவில்லை. "சத்தத்தக் கொறைங்க," என்றார். அவர் பேசியதில் கடைசி அதுதான்.

டோரீன் டிவியின் ஒலியை முழுவதும் நிறுத்தினாள். ஆனால் மிலன் நிறுத்தவில்லை. அப்பாவின் பின்தலையைப் பார்த்து, தணிந்த குரலில், டன்மோரின் ஒவ்வொரு தோல்வியாக எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். மழையில் நழுவவிட்ட பந்து. தவறான பக்கம் ஓடிய ஓட்டம். முதல் வருடத்துத் தொடக்க ஆட்டம். எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எல்லாவற்றுக்கும் அப்பா சொல்லியிருந்த பதில்களும் மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் நடுவே அந்தப் பதில் வருமளவுக்கு இடம் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினான். எதுவும் வரவில்லை. அவர் தூங்கவில்லை என்பது டோரீனுக்குத் தெரிந்தது. இமைகள் அடித்துக்கொண்டிருந்தன.

சற்றுப் பொறுத்து மூச்சு மாறியது. நீளமாக ஒன்று, பிறகு வெறுமை, பிறகு அவசரமாக இரண்டு. டோரீன் நாக்கின் அடியில் மருந்தைச் சொட்டினாள். நனைத்த பஞ்சால் உதடுகளைத் துடைத்தாள். மிலன் இப்போது பேசவில்லை. அப்பாவின் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கைக்குப் பக்கத்தில் போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

லூயி திரையிலேயே இருந்தார். ஒலி இல்லாதது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை. திரையில் டன்மோர் எழுந்துகொண்டிருந்தான். எறிந்தான், பிடித்தார்கள். சாய்த்தார்கள், எழுந்தான், மீண்டும் எறிந்தான். பனியில் அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது.

மூச்சுக்கு நடுவே இருந்த வெறுமை நீண்டது. டோரீன் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து திடீரென்று கூச்சல் எழுந்தது. யாரோ தரையில் குதித்தார்கள், ஒரு பாத்திரம் தட்டப்பட்டது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

"டேய் எமில்," என்று லூயி நாற்காலியோடு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "உன் ஆளு கடைசி நிமிஷத்துல..."

டோரீன் அப்பாவின் கண்களின் மேல் கை வைத்திருந்தாள். லூயி அந்தக் கையைப் பார்த்தார். தட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் மறுபடி எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

உடலை எடுத்துப்போக ஆட்கள் வரும்வரை அக்காவும் தம்பியும் சமையலறையில் நின்றார்கள். ஏதாவது சொல்வான், கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றாள்.

"நீ நல்லதுக்குத்தான சொன்ன," என்றான் மிலன். ஆறிப்போன பாத்திரத்தைக் குழாயடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மாலை, அப்பாவைப் பார்க்க வந்தவர்களால் இறுதிச்சடங்குக் கூடம் நிறைந்தது. எமிலுக்குச் சாம்பல் நிறக் கோட்டு போட்டு, கன்னத்தில் லேசாகச் சாயம் பூசியிருந்தார்கள். ஆலையில் கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சவப்பெட்டிக்கு முன் நின்றுவிட்டு, காப்பிப் பாத்திரம் இருந்த மூலைக்கு ஒதுங்கினார்கள். முதலில் பனியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வேறெதைப் பேசுவார்கள்.

"ஞாயித்துக்கெழம கடைசி நிமிஷத்துல டன்மோர் எறிஞ்சான் பாரு, அதுக்குப் பேரு எறி."

"ஒரு ஆட்டத்த வச்சுச் சொல்லாத. கண்ண மூடிட்டு எறிஞ்சா ஒரு நாளு விழத்தான் செய்யும்."

"எமில் இருந்திருந்தா உன் மூக்க உடைச்சிருப்பான்."

"அதான் இப்பப் பேசறேன்," என்றார் அந்தத் தடித்த மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்ற மிலனைக் கையசைத்து அழைத்தார். "டேய் மிலன், இங்க வா. எல்லாரும் ஒண்ணு சேந்து என்ன அடிக்கிறானுங்க. நீ நம்ம கட்சிதான. டன்மோரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுடா."

வட்டம் அவனுக்காக விலகி இடம் விட்டது. டோரீன் பெட்டியருகே நின்றபடி தம்பியைப் பார்த்தாள். மிலன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு, "காரு மேல பனி உறைஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனான்.

வெகுநேரமாகியும் அவன் திரும்பவில்லை. டோரீன் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்துப் பார்த்தாள். நிறுத்துமிடத்தில் விளக்கு எரிந்தது. மிலன் வெறும் சட்டையோடு காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அதை முடித்துவிட்டு அடுத்த காருக்குப் போனான். அது யாருடையதென்று அவளுக்குத் தெரியாது. அதையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை சுரண்டி முடித்து, அதற்கடுத்த காரின் முன்னால் குனிந்தான்.