சத்தமே வராத மிக்சி

பிறந்த வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அப்படிப்பட்டவளைத் தேடிப்பிடித்து ஒரு ராத்திரி பஸ் டிரைவருக்குக் கட்டிவைத்தார்கள். இந்த ஜோடியைச் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்கலாம்.

டிரைவர் காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்த ஒன்பது மணி நேரமும் வீட்டில் ஈ கூட மெதுவாகத்தான் பறக்க வேண்டும். காலிங் பெல்லைக் கழற்றியாயிற்று. டிக் டிக் என்கிறது என்று சுவர்க்கடிகாரம் பரணுக்குப் போய்விட்டது. போன்கள் இரண்டும் அணைந்து அலமாரிக்குள் கிடக்கும். மிக்சிக்கு ஐந்து மணிக்கு மேல்தான் வாய் திறக்க அனுமதி.

ஒரே ஒரு தடவை, மகள் பரீட்சையில் பாஸாகிவிட்டாள் என்று மனசு தாங்காமல் நடுப்பகலில் அவரை உலுக்கி எழுப்பிவிட்டாள். மனுஷன் தாம்தூம் என்று குதித்தார்.

“நாப்பது உசுரை ஏத்திக்கிட்டுப் போறவன் நான். கண்ணு ஒரு நிமிஷம் சொக்கினா என்ன ஆகும்னு தெரியுமா? வீடு பத்தி எரிஞ்சா எழுப்பு. இல்லேன்னா எழுப்பாத.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கொடுமை. அன்றிலிருந்து இருபது வருஷம் அவள் அவரை எழுப்பவே இல்லை.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. “எனக்கு ஒரு டிவி வேணும்” என்றாள் ஒருநாள்.

“சத்தம் வருமே.”

“சத்தமே வைக்க மாட்டேன். கீழ எழுத்து ஓடும், படிச்சுக்கிறேன்.”

கடையில் இருந்த விற்பனைக்காரன் ஒரு ரிமோட்டை அவள் கையில் கொடுத்தான். “இன்டர்நெட் டிவிம்மா இது. இந்த மைக் பட்டனை அமுக்கிட்டு நீங்க பேசினாப் போதும். கேட்டுக்கும், பதில் தேடிக் குடுக்கும்.”

“நான் பேசினா கேக்குமா?” என்று கேட்டவள் டிவியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை வாங்கினார்.

அதன் பிறகு பகல் முழுக்க டிவி ஊமையாக ஓடும். அவள் ரிமோட்டை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன குசுகுசுன்னு? அதுகிட்ட என்ன ரகசியம்?”

“நீங்க தூங்குறப்போ எனக்கு வேற யாருங்க இருக்கா? இதுதான் நான் எதைச் சொன்னாலும் மூஞ்சியைக் காட்டாம தேடிக் குடுக்குது.”

“சரி சரி, மெதுவாப் பேசு” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

டிவி வாங்கி மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் எழுந்து வந்தபோது அவள் டிவிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ரிமோட் மடியில் இருந்தது. தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். எழுப்ப வேண்டாம் என்று அவரே போய் டீ போட்டார். இரண்டு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

“இதயம்தான். ஒரு மாசமாவே வலி இருந்திருக்கும். உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?” என்று கேட்டார் டாக்டர்.

அந்தக் கேள்வி டிரைவரை விடாமல் பிடித்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் அதையேதான் சொன்னார். “உலகத்துல இல்லாத கதையெல்லாம் பேசுவா. இதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட.” அழுகையைவிட அவருக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? ஆனாலும் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தார். பகலில் இப்போது தூக்கமும் வருவதில்லை. மகள் போன் செய்தாள்.

“சும்மா சுவத்தையே பாத்துட்டு இருக்காதீங்கப்பா. டிவியைப் போடுங்க. மேல பூதக்கண்ணாடி மாதிரி ஒரு படம் இருக்கும் பாருங்க, அதை அமுக்குனா தேடலாம்.”

அமுக்கினார். மகளிடம் சரி என்று சொல்லி போனை வைத்தார். தேடும் கட்டத்துக்குக் கீழே வரிசையாகப் பத்து வரிகள் வந்து நின்றன. கடைசியாகப் பேசியது மேலே, பழையது கீழே. எல்லாம் அவள் பேச்சு, அச்சு அசலாக அவள் கேட்டபடியே.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து படித்தார். ‘சத்தமே வராத மிக்சி இருக்கா.’ ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. ரேடியோ, ரேடியோ, என்று முனகிக்கொண்டார்.

அதற்கு மேல், ‘இடது தோள்ல வலி எதனால.’ அதற்கு மேல், ‘நெஞ்சுல பாரமா இருந்தா வாயுவா.’ அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ‘படியேறினா மூச்சு வாங்குது.’ ‘ராத்திரி டூட்டி பாக்குறவங்க தூக்கம் கெட்டா ஆபத்தா.’ ‘தூங்குறவரைக் கோவம் வராம எப்படி எழுப்புறது.’

அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் மூன்று வரிகள் வலியைப் பற்றியே இருந்தன. உச்சியில் இருந்தது கடைசியாகக் கேட்டது.

‘அஞ்சு மணி ஆக இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு.’

வீடு பற்றி எரியவில்லை. அதனால் அவள் எழுப்பவில்லை. பத்தடி தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

டிரைவர் மைக் பட்டனை அமுக்கி ரிமோட்டை வாயருகே கொண்டுபோனார். வீட்டில் யாரும் தூங்கவில்லை. இருந்தும் குரல் ரகசியமாகத்தான் வந்தது. “எழுப்பியிருக்கலாமேடி.”

டிவி கேட்டுக்கொண்டது. நாலைந்து அலாரக் கடிகாரங்களைத் தேடிக் காட்டியது. அவர் பதறிப்போய்ப் பழைய பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் பூதக்கண்ணாடியை அமுக்கினார். உச்சியில் ‘எழுப்பியிருக்கலாமேடி’ இருந்தது. கீழே மிக்சியைக் காணவில்லை. மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். எங்கேயும் இல்லை.

மகளைக் கூப்பிட்டார்.

“அதுல பத்துதான்ப்பா நிக்கும். புதுசா ஒண்ணு பேசினா பழசு ஒண்ணு போயிடும். ஏன், என்ன ஆச்சு?”

“போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாதாம்மா?”

“முடியாதுப்பா. ஏன்ப்பா, அம்மா எதாவது…”

“ஒண்ணுமில்லம்மா. அம்மா மிக்சி தேடியிருக்கா.”

அதற்குப் பிறகு, ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. ரிமோட்டின் மைக் பட்டன்மேல் பிளாஸ்டர் ஒட்டிவைத்திருக்கிறார், தெரியாத்தனமாகக் கைபட்டுவிடக் கூடாது என்று. தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டு அந்த வரிகளைப் படிக்கிறார். அவளிடம் சொல்ல அவருக்கு இருபது வருஷத்துப் பேச்சு இருக்கிறது. மிச்சம் ஒன்பது வரிகள் இருக்கின்றன. சாயங்காலம் ஐந்து மணி வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.