கூடையில் இறங்கிய கையெழுத்து

"நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துடும். அதுக்குள்ள முடியுமா மேடம்?"

மாடி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மருமகள் கேட்டாள். கீழே நடுத்தெருவில் நின்ற காரின் பானெட் மேல் முத்திரை, மைப்பெட்டி, பேனா, கையுறை என்று ஆபரேஷனுக்கு அடுக்குவதுபோல் அடுக்கிக்கொண்டிருந்த வக்கீலம்மா நிமிரவே இல்லை.

"முடியுமான்னு கேக்காதீங்க. முடிஞ்சுதான்னு கேளுங்க."

கோர்ட் வட்டாரத்தில் அவளுக்கு 'ஸ்பீடு' என்று பெயர். தொற்று பரவிக் கோர்ட்டுக்குப் பூட்டுப் போட்டதும் வக்கீல்களில் பாதிப் பேர் வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஸ்பீடு கார் டிக்கியை ஆபீஸாக்கிக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பினாள். ஜன்னல் வழியாக உயில், கேட் வழியாகப் பவர் பத்திரம், ஒரு தடவை லிஃப்ட் கதவின் இடுக்கு வழியாகக்கூட. நோட்டரி முத்திரையும் அவளிடமே இருந்தது. யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

இன்றைய கட்சிக்காரர் கண்ணாடிக்கடை அம்மா. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. அந்தத் தெருவில் கண்ணாடி ஏறிய மூக்குகளில் பாதி அவள் கை அளந்தவை. இளைய மகன் இறந்துபோன பிறகு கடையைத் தூக்கி நிறுத்தியது அவன் மனைவி, இந்த மருமகள்தான். லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது, கண் பரிசோதிப்பது எல்லாம் அவள். தொற்று முதலில் அவளுக்குத்தான் வந்தது, வந்து போய்விட்டது. இப்போது மாமியாருக்கு. இருமல் குறையவில்லை, ஆக்ஸிஜன் இறங்குகிறது, இன்றே வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

ஆனால் அம்மாவைப் பயமுறுத்தியது ஆஸ்பத்திரி இல்லை. மூத்த மகன்.

இளையவன் போன துக்கத்தில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில், "வரி கட்டணும், ஆபீஸ் ஆபீஸா அலையணும், உன்னால முடியாதும்மா" என்று சொல்லி அவன் ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தான். வரி கட்டுவதோடு, விற்பதற்கும் அதில் அதிகாரம் இருந்தது. இப்போது அதைக் காட்டி வீட்டையும் கடையையும் விலை பேசிவிட்டான். நாளைக் காலை பத்திரப் பதிவு. விஷயம் தெரிந்ததும் அம்மா ஸ்பீடை வைத்து அந்தப் பவரை ரத்து செய்துவிட்டாள்.

"அதான் ரத்து பண்ணி முத்திரையும் வச்சுட்டீங்களே, அப்புறம் என்ன மேடம்?" என்று காலையில் போனில் கேட்டிருந்தாள் மருமகள்.

"ரத்தானது அவர் காதுக்குப் போகணும். போகலைன்னா, 'எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்துல வித்தேன்'னு நிப்பார். வாங்கினவனும் கையை விரிப்பான். நீங்க கேஸ் போடலாம். ஆனா அத்தை ஆஸ்பத்திரியிலேருந்து வர்றப்போ, இதே பால்கனியில வேற யாரோ பல் தேய்ச்சுக்கிட்டு நிப்பாங்க."

காதுக்குப் போக வைப்பதில்தான் சிக்கல். போன் போட்டால், "ஹலோ... ஹலோ... சரியா கேக்கலையே" என்று வைத்துவிடுகிறான். பதிவுத் தபால், வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது. ஸ்பீடு நேரில் போனாள். தொற்று இருக்கும் அடுக்ககம், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று காவலாளி கேட்டை மறித்தார். நிமிர்ந்து பார்த்தால், பூட்டிய வீட்டின் பால்கனியில் நின்று மூத்தவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கையை வேறு ஆட்டினான்.

திரும்பி வரும் வழியிலேயே ஸ்பீடு முடிவு செய்து, மருமகளுக்குப் போன் போட்டாள்.

"உங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு வரி போடுங்க. 'இன்று மூன்று மணிக்கு அத்தை உயிலில் கையெழுத்துப் போடுகிறார்.' அவ்வளவுதான்."

"ஐயையோ, அவருக்கு எதுக்கு மேடம் சொல்லணும்? வந்து கத்துவாரே!"

"கத்தட்டும். கத்தணும்னா வரணும் இல்ல?"

மூன்று அடித்தது. தெரு வெறிச்சென்று கிடந்தது. சாட்சிகள் இருவரும் வந்துவிட்டார்கள். ஒருவர் எதிர்க்கடை சலூன்காரர். பூட்டிய கடைக்குச் சொந்தக்காரர், தன் முடியை வெட்ட ஆளில்லாமல் கரடிபோல் இருந்தார். இன்னொருவர் ஜிம் மாஸ்டர். அவர் ஜிம்முக்கும் பூட்டு. தொப்பை எட்டிப் பார்த்தது.

"ரெண்டு பேருக்கும் இந்தச் சொத்துல ஒரு செங்கல்கூடக் கிடையாது. சந்தோஷமா?" என்றாள் ஸ்பீடு.

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றார் சலூன்காரர் வருத்தமாக.

"அம்மா கையெழுத்துப் போடறதை நீங்க பார்க்கணும். நீங்க போடறதை அம்மா பார்க்கணும். யாரும் நிழலுக்கு ஒதுங்கக் கூடாது, போன் வந்தா எடுக்கக் கூடாது. கண்ணு மேலேயே இருக்கட்டும்."

மாடியில் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் லென்ஸ் தட்டு. அதன் மேல் நீல ஃபைலிலிருந்து எடுத்த உயில்.

"படிச்சுப் பார்த்தீங்களா அம்மா?"

"ரெண்டு தடவை. நாலாம் பக்கத்துல ஒரு கமா அதிகம்."

"மூச்சு எப்படி இருக்கு?"

"அதுதான் கொஞ்சம் திணறுது. மூளை திணறலை. போடட்டுமா?"

போட்டாள். காய்கறி வாங்குவதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் கூடை, நைலான் கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. சலூன்காரர் முன்னால் வந்தார். பையிலிருந்து எதையோ எடுத்தார். தலைமுடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டில். இப்போது அதில் சானிடைசர்.

"வேணாம்..." என்று ஸ்பீடு வாயைத் திறப்பதற்குள்,

புஸ். புஸ். புஸ்.

கண்ணாடிக்கடை அம்மாவின் கையெழுத்து, அழுத கண்ணின் மை மாதிரி காகிதத்தில் வழிந்தது.

"யோவ்!"

"கிருமி மேடம்..."

"கிருமி செத்துச்சோ இல்லையோ, உயில் செத்துப்போச்சு!"

மேலே மருமகளின் முகம் வெளுத்தது. ஸ்பீடுக்கு வெளுக்கவில்லை. எதற்கும் மூன்று காப்பி எடுக்கிற கை அது. நீல ஃபைலில் இன்னும் இரண்டு இருந்தன. கேட்கலாம் என்று தலையைத் தூக்கினாள். அப்போதுதான் தெருமுனையில் ஹாரன் கேட்டது. நிறுத்தாமல் கேட்டது.

வந்துவிட்டான்.

காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு மூத்தவன் இறங்கினான். நீட்டிய கையில் போன். போனில் குடும்பமே கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தது. நடுக்கட்டத்தில் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. அம்மாவின் தம்பி, சின்ன மாமா. வீட்டை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"பாருங்க மாமா! எல்லாரும் பாருங்க! எங்கம்மாவுக்கு ஜுரத்துல நினைவே இல்ல. நடுத்தெருவுல வச்சுக் கையெழுத்து வாங்கறாங்க!" போனை மாடிப் பக்கம் திருப்பினான். "அம்மா! நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? ரெண்டாங்கிளாஸ்ல பக்கத்துப் பையன் ரப்பரை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, டீச்சர் கேட்டப்ப 'கேக்கலையே'ன்னு நின்னவன்."

போனுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"இன்னிக்கு... இன்னிக்கு என்ன நாள், சொல்லு பார்ப்போம்!"

"நாளைக்கு நீ என் வீட்டை விக்கப் போறே. அதுக்கு முந்தின நாள்."

இந்த முறை சிரிப்பு பலமாகவே வந்தது. அக்கா கணக்குல புலியாச்சே என்றார் சின்ன மாமா. மூத்தவன் சட்டென்று பானெட் பக்கம் திரும்பினான். மை வழிந்த காகிதம் கண்ணில் பட்டது.

"இதுதான் உயிலா? ஒழுகுது! மாமா, கையெழுத்தே ஒழுகுது!"

"ஆமா சார், அது கெட்டுப்போச்சு." ஸ்பீடு கையுறையை நிதானமாகச் சரிசெய்தாள். "அதனாலதான் வேற இறக்கச் சொல்றேன்." மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பச்சை ஃபைலை அனுப்புங்க!"

மருமகள் விழித்தாள். உயில் இருப்பது நீல ஃபைலில். பச்சையில் இருப்பது...

மாமியார் அவள் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அது போதுமாக இருந்தது. பச்சை ஃபைல் கூடையில் ஏறியது, கயிறு நழுவியது.

"சார், தள்ளி நில்லுங்க. முக்கியமான பத்திரம். நீங்க தொடக் கூடாது."

தொடக் கூடாது என்றால் அவனுக்குப் போதுமே. கூடை தரையைத் தொடும் முன்பே பாய்ந்தான். ஜிம் மாஸ்டர் குறுக்கே வந்தார். ஸ்பீடு மாஸ்டரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"விடுங்க மாஸ்டர். படிக்கட்டும்."

"மாமா, கேளுங்க! எங்கம்மாவை ஏமாத்தி என்ன எழுதி வாங்கியிருக்காங்கன்னு நானே படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க!" காகிதத்தை உருவினான். கிட்டே வைத்துப் பார்த்தான். தெரியவில்லை. கையை நீட்டிப் பிடித்தான், இன்னும் நீட்டினான், கண்ணைச் சுருக்கினான். "என் மூத்த மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த... பவர்..."

குரல் இறங்கிக்கொண்டே போய், நின்றது.

சின்ன மாமா தலையைப் போனுக்குள் நுழைத்துவிடுகிறவர் மாதிரி கிட்டே வந்தார்.

"கேக்கலையேடா! திரும்பப் படி!"

"ஒண்ணுமில்ல மாமா, சிக்னல்..."

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு நேரம் கேட்டுச்சே. படி!"

பால்கனியில் அம்மா கம்பி மேல் கையை ஊன்றிக் குனிந்தாள். கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்கு முன்னால் எத்தனையோ பேரை உட்கார வைத்த குரல் அது.

"கடைசி வரி வரைக்கும் படி. சத்தமா."

தப்பிக்க அவன் இடமும் வலமும் பார்த்தான். இடப்பக்கம் சலூன்காரர், கையில் பாட்டில். வலப்பக்கம் மாஸ்டர். அவன் கையிலிருந்த போனில் அத்தனை சொந்தமும். படித்தான்.

"என் மூத்த மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை ரத்து செய்துவிட்டேன். இனி என் வீட்டையோ கடையையோ விற்கவும் அடமானம் வைக்கவும் அவனுக்கு உரிமை இல்லை. இதை... அவனுக்கு இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

"தெரிவிச்சாச்சு," என்றாள் ஸ்பீடு. "கேட்டுச்சு இல்ல சார்?"

பதில் போனிலிருந்து வந்தது, சின்ன மாமாவின் குரலில்.

"என்னடா இது! அக்கா சம்மதம்னு சொல்லித்தானே பார்ட்டியைக் கூட்டிட்டு வரச் சொன்னே? நாளைக்கு அந்த ஆள் பணத்தோட வந்து நின்னு என் சட்டையைப் பிடிக்கணுமா? பவர் போச்சு, வராதீங்கன்னு இப்பவே அவருக்குப் போன் பண்றேன். அக்கா! உடம்பைப் பார்த்துக்கோ!"

நடுக்கட்டம் அணைந்தது. அடுத்து சித்தி. அடுத்து யாரோ. கடைசியில் திரையில் அவன் முகம் மட்டும்தான் மிச்சம்.

"இப்ப நீல ஃபைல்," என்றாள் ஸ்பீடு. "அதுக்கு முன்னாடி, அந்த பாட்டிலை என்கிட்ட கொடுங்க."

சலூன்காரர் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வேலை வழுக்கிக்கொண்டு போனது. அம்மா போட்டாள், கூடை இறங்கியது. சாட்சிகள் பானெட் மேல் குனிந்து போட்டார்கள், அவள் மேலிருந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் பேங்க் வேலையையும் கடையையும் மருமகளே பார்த்துக்கொள்ளப் புதுப் பவர் பத்திரம் ஒன்று. அதில் விற்கும் அதிகாரம் கிடையாது. அப்படித்தான் வேண்டுமென்று கேட்டவளே மருமகள்தான். முத்திரை விழுந்த சத்தத்தில் மின்கம்பத்துக் காக்கை பறந்தது.

மூத்தவன் போகவில்லை. தன் கார் கதவில் சாய்ந்து நின்றான். மாடியைப் பார்த்து எரிச்சலாகக் கேட்டான்.

"வீடும் கடையும் அவளுக்குத்தானே? சொல்லிட்டுப் போ."

"ஆமா, அவளுக்குத்தான். ஊருக்கு வெளியே இருக்கற மனையும், பேங்க்ல இருக்கறதும் உனக்கு."

அவன் நிமிர்ந்தான். "எனக்கும் எழுதியிருக்கியா?"

"பின்னே? உன்னை என்ன பக்கத்து வீட்டுலேருந்தா எடுத்துட்டு வந்தேன்?" இருமல் வந்தது. கையைத் தூக்கி மருமகளை நிறுத்திவிட்டு, அது அடங்கும் வரை காத்திருந்தாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீதான் போனையே எடுக்கலையே."

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு ஏறிய இருவரையும், "நடக்கத் தெரியும்" என்று விரட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அம்மா இறங்கி வந்தாள், பின்னால் மருமகள். மூத்தவன் ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே பிடித்தான்.

"கிட்ட வராதே. தொத்திக்கும். உன் கார்ல பின்னாடியே வா. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் நிக்கணுமாம்."

"வரேன்மா."

"போன் அடிச்சா எடுக்கணும்."

"எடுக்கறேன்."

ஏறி உட்கார்ந்து ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் பொருத்திக்கொண்டவள், ஏதோ மறந்ததுபோல் அதை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்வை மருமகள் மேல்.

"கடை திறந்ததும் இவனைக் கூப்பிட்டு உட்கார வை. பேப்பரை இவ்வளவு தூரம் நீட்டிப் பிடிச்சுப் படிக்கிறான், பார்த்தியா? ரீடிங் கிளாஸ் போட்டே ஆகணும்."

"சரி அத்தை."

"நல்ல ஃபிரேமா போடு. ஆனா ஓசியில கொடுத்துடாதே. காசை வாங்கிடு."

கதவு சாத்தப்பட்டது. சைரன் எழுந்தது. பின்னாலேயே மூத்தவன் காரும் கிளம்பியது. மருமகள் மாடியிலிருந்து தொங்கிய கூடைக் கயிற்றை அவிழ்க்கவில்லை. கடை ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, உள்ளே குனிந்து விளக்கைப் போட்டாள்.

ஸ்பீடு கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர், அடுத்த தெருவுல ஒரு உயில் இருக்கு. சாட்சி வேணும். வரீங்களா?"

"நானும் வரட்டுமா மேடம்?" என்றார் சலூன்காரர்.

"வாங்க. கையை வீசிக்கிட்டு வாங்க."